ஆஸ்துமா என்று பேர் வாங்கிய புழு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவால் வரும் நோயில் வழக்கமாக நடக்கும் தவறுகளையும் திருப்பங்களையும், கற்பித்தலுக்காக ஒரே உடம்பில் ஏற்றி எழுதியிருக்கிறேன். மருத்துவர் ‘நான்’ என்று பேசுவதும் அதற்காகத்தான். மருத்துவச் செய்திகளை மட்டும் உள்ளது உள்ளபடி தந்திருக்கிறேன்.

நோயாளி

61 வயது ஆண். மூன்று ஆண்டுகளாக ‘வயதான பிறகு வந்த ஆஸ்துமா’ என்ற முத்திரையோடு மருந்து எடுத்துவருபவர். புகைபிடித்ததில்லை. சின்ன வயதில் இழுப்பு வந்ததில்லை, குடும்பத்தில் எவருக்கும் இல்லை. இரண்டு இன்ஹேலர்கள் கைவசம் இருந்தன, இரண்டையும் சரியாகவே பயன்படுத்தினார். கடந்த 14 மாதங்களில் ஐந்து முறை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். முதல் நான்கு முறையும் 40 மி.கி.யில் தொடங்கி, பத்து நாளுக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்தாவது முறை நிறுத்தவே முடியவில்லை. 20 மி.கி.யில் ஏழு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். மருத்துவப் பதிவேடுகளைவிட அந்த நோட்டு தெளிவாக இருந்தது. ஸ்டீராய்டு தொடங்கிய மூன்று நான்கு நாள் மூச்சு நன்றாக இருக்கும், அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும், கூடவே வயிறு உப்பும். ஐந்து முறையும் இதே கதைதான். ஸ்டீராய்டால் மோசமாகும் ஆஸ்துமா என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்றைப் பார்த்தால் ஆஸ்துமா என்ற பெயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதை இப்போது எழுதுவது எளிது.

அதே நோட்டில் இன்னொரு வரி: ‘பின்புறத்தில் அரிப்பு, சிவப்பாகக் கோடு. காலையில் பார்த்த இடத்தில் மத்தியானம் இல்லை.’ தோல் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்திருக்கிறார்கள். கோடு இடம் மாறுவதைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் அனுமதி

குளிர் காய்ச்சலோடும் வாந்தியோடும் வந்தார். இரத்தக் கல்ச்சரில், அதாவது இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வளர்ந்தது. சிறுநீர் சுத்தம். பித்தப்பை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிற ஆள், எங்கிருந்தோ கிருமி நுழைந்திருக்கும் என்று எழுதி, ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டோம். காய்ச்சல் இறங்கியது. அனுப்பிவைத்தோம். அனுப்பியது நான்தான்.

அந்த முறை மலப் பரிசோதனையும் செய்திருந்தோம், ஒரே ஒரு மாதிரி. ‘முட்டை, சிஸ்ட் இல்லை’ என்று வந்தது. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 40. ஒட்டுண்ணி என்றால் ஈசினோஃபில் ஏறும் என்று பாடத்தில் படித்தவர்கள் நாம். 40-ஐப் பார்த்ததும் அந்தக் கதவை மூடிவிட்டோம்.

மூன்று ஆண்டுக்கு முன், இழுப்பு தொடங்கிய காலத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதில் ஈசினோஃபில் 1,400. பொதுவாக 500-க்குள் இருக்க வேண்டியது. அப்போது அதை ஒவ்வாமைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஸ்டீராய்டுக்குப் பிறகு எண் இறங்கியதும், மருந்து கேட்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீராய்டு அந்த அணுக்களைத்தான் குறைத்திருந்தது, அவை எதற்காக வந்தனவோ அது உள்ளேயே இருந்தது.

இரண்டாம் அனுமதி

பதினோரு நாளில் திரும்பி வந்தார். வயிறு பானைபோல் வீங்கியிருந்தது, குடல் அசைவுச் சத்தம் இல்லை. மூச்சுத் திணறல், சளியில் இரத்தக் கீற்று. எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் பரவலான படிவு. இரத்தத்தில் சோடியம் 124, இயல்புக்குக் கீழே. எடை 52 கிலோ, ஓராண்டில் ஏழு கிலோ குறைந்திருந்தது. இரத்தக் கல்ச்சரில் இம்முறை கிளெப்சியெல்லா.

மூன்று வாரத்துக்குள் இரண்டு வெவ்வேறு குடல் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் வந்திருக்கின்றன, எங்கிருந்து என்று தெரியவில்லை. அதாவது குடல் எங்கோ ஓட்டையாகியிருக்கிறது. ஸ்கேனில் தெரியும் அளவுக்குப் பெரிய ஓட்டை இல்லை. அப்படியானால் சிறிய ஓட்டைகள், ஏராளமாக இருக்க வேண்டும். அவற்றைப் போடுவது எது?

எனக்கு முன் ஆய்வகத்தில் விடை கிடைத்துவிட்டது. சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் தொலைபேசியில் அழைத்தார். “சார், இதுல ஏதோ நெளியுது. கொஞ்சம் வந்து பாருங்க.”

ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம். உடலின் பாதி நீளத்துக்கு உணவுக்குழல். வால் நுனியில் ஒரு சிறு பிளவு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கொராலிஸ் புழுவின் தொற்றும் பருவ இளம்புழு. அன்று மாலையே புதிய மல மாதிரியைச் சூடாறுவதற்குள் பார்த்தோம். அதிலும் இருந்தது. முதல் அனுமதியில் அனுப்பிய மாதிரி நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் கிடந்தது என்பது பிறகு தெரிந்தது. குளிரில் இளம்புழு முடங்கிவிடும். இந்தப் புழுவைத் தேடும் மாதிரியைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது.

இந்தப் புழு என்ன செய்கிறது

1876-இல், அன்றைய கொச்சின்சீனாவிலிருந்து (இன்றைய தென் வியட்நாம்) தீராத வயிற்றுப்போக்கோடு தூலோன் துறைமுகம் திரும்பிய பிரெஞ்சு வீரர்களின் மலத்தில் இதை முதலில் கண்டவர் லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டு கழித்தும் இதைத் தவறவிடுகிறோம் என்றால், மற்றக் குடற்புழுக்களை வைத்து இதை அளப்பதுதான் காரணம்.

உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி, மண்ணில் முதிர்ந்து, மறுபடி வாய்வழி உள்ளே போனால்தான் இன்னொரு புழு. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து தோலைத் துளைத்து வர வேண்டும். வெளியிலிருந்து புதிதாக வராதவரை வயிற்றில் இருக்கும் எண்ணிக்கை கூடாது, இருப்பவையும் வயதாகிச் சாகும். காலம் நோயாளியின் பக்கம்.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இந்த விதியை மீறுகிறது. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள பெண் புழு, ஆண் துணை இல்லாமலே, சிறுகுடலின் சளிச்சவ்வுக்குள் முட்டை இடுகிறது. முட்டைகள் அங்கேயே பொரிகின்றன. அதனால் மலத்தில் பொதுவாக முட்டை வராது, இளம்புழுதான் வரும். ‘முட்டை இல்லை’ என்ற சீட்டை வைத்துக்கொண்டு இந்தப் புழு இல்லை என்று சொல்ல முடியாது. இளம்புழுக்களில் பெரும்பாலானவை வெளியே போய்விடும். சில மட்டும் உள்ளேயே தொற்றும் பருவத்துக்கு முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாய்ப் பக்கத்துத் தோலையோ துளைத்துத் திரும்ப உள்ளே வரும். நுரையீரல் வழியாக மேலேறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, மீண்டும் குடல். புற உலகம் தேவையே இல்லாத சுற்று.

பின்புறத்து அரிப்புக் கோடு இந்தச் சுற்றின் தடம். மணிக்கு 5 முதல் 10 செ.மீ. வரை நகரும் கோடு வேறெந்த நோயிலும் அநேகமாக இல்லை. அந்த வரியை எழுதிய மனைவி, தன்னை அறியாமலே நோயைக் கண்டுபிடித்திருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதையில் கைதிகளாக வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் சிலருக்கு, நாடு திரும்பி 40 ஆண்டுக்குப் பிறகும் இந்தப் புழு உடம்பில் இருந்தது. நம் நோயாளி இருபது வயதில் மூன்று ஆண்டுகள் ஈர மண்ணில் வெறுங்காலோடு கால்வாய் வெட்டியவர். அதற்குப் பின் மண்ணைத் தொட்டதே இல்லை. முந்தைய பதிவேடுகளில் ‘தொழில்: ஓய்வுபெற்ற கணக்கர்’ என்று இருந்தது. அது உண்மைதான், ஆனால் கேட்க வேண்டிய தொழில் அது அல்ல.

நாற்பது ஆண்டாக உடம்பு இந்தப் புழுவை ஒரு கட்டுக்குள் வைத்திருந்தது. ஸ்டீராய்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. இளம்புழு தோலுரித்து முதிர்வதை ஸ்டீராய்டு நேராகவே தூண்டுகிறது என்று ஒரு கருத்தும் உண்டு. எப்படியாயினும் சுற்று வேகமெடுக்கிறது. ஆயிரக்கணக்கில் துளைக்கும் இளம்புழுக்கள் குடல் பாக்டீரியாக்களை உடம்பில் சுமந்துகொண்டு இரத்தத்துக்குள் போகின்றன. ஈ.கோலை, பிறகு கிளெப்சியெல்லா. சிலருக்கு மூளையுறைக் காய்ச்சலும் இப்படி வரும். இந்த நிலைக்கு மிகைத்தொற்று என்று பெயர். சிகிச்சை இல்லையென்றால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். சிகிச்சை கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை.

சிகிச்சை

ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 52 கிலோவுக்கு 10.4 மி.கி., மாத்திரைக் கணக்கில் 12 மி.கி. சாதாரணத் தொற்றுக்கு ஒரு வேளை, அல்லது இரண்டு நாள் ஒவ்வொரு வேளை போதும். மிகைத்தொற்றில் தினமும் கொடுக்க வேண்டும், மலத்திலும் சளியிலும் புழு மறைந்து இரண்டு வாரம் ஆகும்வரை.

சொல்வதுபோல் எளிதாக இல்லை. குடல் அசைவற்றுக் கிடக்கிறது, மூக்குக் குழாயில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வெளியேறுகிறது. வாய்வழி கொடுத்த மருந்து எங்கே உறிஞ்சப்படும்? முதல் மூன்று நாள் குழாய் வழியும், கூடவே மலக்குடல் வழியும் கொடுத்தோம். விலங்குகளுக்கான ஊசி வடிவத்தைத் தோலடியில் போட்டுப் பிழைக்கவைத்த அனுபவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. அதற்கான சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பமும் தயாராக இருந்தது. நான்காம் நாள் குடல் அசைந்தது, தேவைப்படவில்லை. வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பென்டசோலையும் சேர்த்தோம். அது தனியாக இந்தப் புழுவுக்கு ஐவர்மெக்டின் அளவுக்கு வேலை செய்யாது. சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதில் எனக்கும் உறுதி இல்லை. அந்த நேரத்தில் கையில் இருந்ததைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

ஐவர்மெக்டின் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: மத்திய ஆப்பிரிக்காவிலோ அதை ஒட்டிய மேற்குப் பகுதியிலோ வாழ்ந்ததுண்டா? அங்குள்ள லோவா லோவா என்ற கண்புழு இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால், இந்த மருந்து மூளையைப் பாதிக்கக்கூடும். இவர் அந்தப் பக்கம் போனதில்லை.

ஸ்டீராய்டை என்ன செய்வது என்பதுதான் வார்டில் அதிகம் வாதாடிய விஷயம். புழுவுக்குத் தீனி அதுதான், உடனே நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். ஏழு வாரம் 20 மி.கி. சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பது, தூங்கிக்கொண்டிருக்கும். கிருமித் தாக்குதலின் நடுவில் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து அதிலேயே போய்விடுவார். அதிர்ச்சி நிலை தீரும்வரை உடம்புக்கு வேண்டிய அளவு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும், பிறகு படிப்படியாகக் குறைப்பு என்று முடிவானது.

கூடவே, குடல் பாக்டீரியாக்களுக்கான ஆன்டிபயாட்டிக். தலைவலி இருந்ததால் தண்டுவட நீர் எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி-1 இரண்டும் இல்லை. பின்னதை மறக்கக் கூடாது. அந்த வைரஸ் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே மிகைத்தொற்று வரக்கூடும், மருந்தும் சரியாகக் கேட்காது. சளியும் மலமும் கையாள்பவர்கள் கையுறை, மேலங்கி அணிந்தார்கள், ஏனென்றால் அவற்றில் இருப்பது தோலைத் துளைக்கக்கூடிய பருவம்.

சளியில் ஆறாம் நாளும் மலத்தில் ஒன்பதாம் நாளும் புழு மறைந்தது. 23-ஆம் நாள்வரை ஐவர்மெக்டின் ஓடியது.

எங்கே தவறினோம்

ஒரே மல மாதிரியை நம்பியது முதல் தவறு. நாட்பட்ட தொற்றில் ஒரு நாளைக்கு வெளியேறும் இளம்புழு மிகக் குறைவு. ஒரு மாதிரியில் பாதிப் பேருக்கு மேல் தப்பிவிடுவார்கள். வெவ்வேறு நாளில் பல மாதிரிகள் வேண்டும். அதைவிட நல்லது அகார் தட்டு முறை: மலத்தைத் தட்டின் நடுவில் வைத்தால், ஊர்ந்துபோகும் இளம்புழு பாக்டீரியாவை இழுத்துக்கொண்டு போகும். இரண்டொரு நாளில் அந்தத் தடத்தில் பாக்டீரியா வரிசையாக முளைத்துக் கோடு கோடாகத் தெரியும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இவற்றைவிட அதிகம் பிடிக்கும். ஆனால் நோயெதிர்ப்பு குறைந்தவர்களிடம் அதுவும் ஏமாற்றும், யானைக்கால் புழு வகைகள் இருந்தால் பொய்யாகவும் காட்டும். நோயாளி ஸ்டீராய்டு தொடங்கக் காத்திருக்கிறார், சோதனை கிடைக்கத் தாமதம், மண் தொடர்பு உண்டு என்றால், சோதிக்காமலே ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவது என் வழக்கம். உறுப்பு மாற்று மையங்கள் பலவும் அப்படிச் செய்கின்றன.

ஈசினோஃபிலை இரு திசையிலும் தவறாகப் படித்தோம். ஏறியபோது ஆஸ்துமா என்றோம், இறங்கியபோது குணம் என்றோம். மிகைத்தொற்றில் ஈசினோஃபில் இல்லாமல் இருப்பதுதான் வழக்கம், அது நல்ல அறிகுறியும் அல்ல. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: ஜியார்டியா, அமீபா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகள் பொதுவாக ஈசினோஃபிலை ஏற்றுவதே இல்லை. அது இயல்பாக இருக்கிறது என்று வயிற்றுப்போக்குக்காரரை அனுப்பிவிடக் கூடாது. அமீபா பெருங்குடல் புண்ணை அழற்சி நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துக் குடல் பொத்துக்கொண்ட நிகழ்வுகளும் உண்டு. ஒட்டுண்ணி வேறு, விழும் பள்ளம் அதேதான்.

மூன்றாவது, பூச்சி மாத்திரை. “வருஷா வருஷம் பூச்சி மாத்திரை போட்டுக்கிறேன் டாக்டர், பூச்சியெல்லாம் இருக்காது” என்று அவர் முதல் அனுமதியிலேயே சொன்னார். தலையாட்டினேன். ஒரு வேளை 400 மி.கி. அல்பென்டசோல் உருண்டைப்புழுவை நன்றாகவே தீர்க்கும், கொக்கிப்புழுவைப் பெரும்பாலும் தீர்க்கும், சாட்டைப்புழுவிடம் திணறும். ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு அது போதவே போதாது. ஏழு நாள், தினம் இருவேளை கொடுத்தாலும் ஐவர்மெக்டினுக்குக் கீழேதான். மண்வழிப் பரவும் புழுக்களுக்கு ஊர் முழுக்க மாத்திரை கொடுப்பது இரத்தசோகைக்கும் குழந்தைகளின் வளர்ச்சிக்கும் செய்யும் உதவி பெரிது. ஒரேயொரு கொக்கிப்புழு, வகையைப் பொறுத்து, நாளுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மாத்திரைப் பட்டியலில் இந்தப் புழு நீண்ட காலம் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 சதவீதத்துக்கு மேல் தொற்றுள்ள பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியதே 2024-இல்தான்.

பெயரும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. நூல்போல் இருப்பதால் நூற்புழு என்று இதையும் சொல்கிறார்கள், இரவில் ஆசனவாயில் அரிக்கும் குழந்தைகளின் கீரிப்பூச்சியையும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. கீரிப்பூச்சி தொல்லை கொடுக்கும், ஆளைக் கொல்லாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘வெளியூர் பயணம் உண்டா’ என்று கேட்கிறோம், கடந்த ஆறு மாதத்துக்கு மட்டும் பதில் வாங்குகிறோம். இந்தப் புழுவுக்குப் பிறந்ததிலிருந்து கேட்க வேண்டும். எங்கே வளர்ந்தீர்கள், வெறுங்காலில் மண்ணில் எப்போது வேலை செய்தீர்கள், கழிப்பறை இருந்ததா. இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை முதல் அனுமதியில் நான் செலவிடவில்லை.

பின்தொடர்தல்

ஸ்டீராய்டு முழுதும் நின்ற ஆறாம் வாரம் ஈசினோஃபில் 900-க்கு ஏறியது. அவர் பயந்தார், நானும் கொஞ்சம் பயந்தேன். மலம் மூன்று முறை சுத்தம், அகார் தட்டும் சுத்தம். ஸ்டீராய்டு என்ற மூடியை எடுத்ததும் அணுக்கள் எழுந்திருக்கின்றன என்று காத்திருந்தோம். ஆறாம் மாதம் 310. எதிர்ப்பொருள் அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. இது பூஜ்யமாக மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஆஸ்துமா? ஒரு இன்ஹேலரை நிறுத்திவிட்டோம். மற்றதைக் குறைந்த அளவில் வைத்திருக்கிறோம். ஊதும் சோதனையில் லேசான அடைப்பு இன்னும் இருக்கிறது. மூன்று ஆண்டு இழுப்பும் புழுவால்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெரும்பகுதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆளிடமிருந்து ஆளுக்கு இது சாதாரணமாகப் பரவாது. ஆனால் மனைவியும் அதே கால்வாய் வேலையில் அந்த மூன்று ஆண்டும் இருந்தவர். தொந்தரவு எதுவும் இல்லை, ஈசினோஃபில் 620, எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ். மூட்டுவாதத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அதோடு பிரெட்னிசலோன் சேர்ப்பதாக இருந்தார்கள். இரண்டு நாள் ஐவர்மெக்டின் கொடுத்து, மலம் சுத்தம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதைத் தொடங்கச் சொல்லி மூட்டு மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தின் நகலை வாங்கி, நோட்டில் தேதி போட்டு ஒட்டிக்கொண்டார்.